உள்ளத்து நோயும் ஊராரின் மௌனமும்

காய்ச்சல் வந்தவனை ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்கிறோம். கால் முறிந்தவனைப் பரியாரியாரிடம் தூக்கிச் செல்கிறோம். உள்ளம் முறிந்தவனை மாத்திரம் அறையில் இருத்திக் கதவைச் சாத்திவிடுகிறோம். "விசர்" என்னும் மூன்றெழுத்து வீட்டுப் படலையைத் தாண்டிவிட்டால் குமர்ப்பிள்ளைகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். பண்பாட்டின் பெருமையை மேடைதோறும் பேசும் நாம், இந்தச் சிறுமையும் நம்முடையதே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்நோய் அங்கொருவருக்கும் இங்கொருவருக்கும் வருவது என்று எண்ணுவோர் கணக்கைப் பார்க்கட்டும். 2019ஆம் ஆண்டில் உலக மக்களில் எட்டுப் பேருக்கு ஒருவர் ஏதேனுமோர் உளநோயுடன் வாழ்ந்தனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போரையே காணாத நாடுகளையும் சேர்த்துச் சொன்ன கணக்கு இது. அவ்வாறாயின் நம் நிலை யாது?

போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டில், யூலை முதல் செப்டெம்பர் வரை, யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 வீடுகளைத் தெரிந்தெடுத்து வயதுவந்தோரிடம் ஆய்வொன்று நடத்தப்பட்டது. அதன் முடிவு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. நூற்றுக்கு 32.6 பேரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், 22.2 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 7 பேரிடம் கொடுமைகளைக் கண்டதனால் விளையும் மனவடுவின் அறிகுறிகளும் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்தே இருந்தோரிடையே இத்தொகைகள் முறையே 48.5, 41.8, 13 என உயர்ந்து நின்றன. அறிகுறி கண்டவரெல்லாம் நோயாளர் என்று தீர்ப்பிட முடியாது என்பது உண்மையே. ஆயினும், ஒரே மண்ணிற் பிறந்த மக்களிடையே இத்துணை வேற்றுமை ஏன்? வீடிழந்தவர் கண்ட அவலங்கள் மிகுதி. ஆதலால் அவர் நோவும் மிகுதி. "பரம்பரைக் குற்றம்" என்று வாய் கூசாமற் பேசுவோர் இதற்கு என்ன விடை கூறுவர்?

1995 ஒக்டோபர் 30ஆம் நாளிரவு வலிகாமம் முழுவதும் மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்ததை நாம் மறக்கவில்லை. 2004இல் கடல் கொண்டதையும், 2009இல் முள்ளிவாய்க்காலில் நேர்ந்ததையும் மறக்கவில்லை. ஒரு சமுதாயம் முழுவதுமே காயப்படக்கூடும் என்பதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் பல்லாண்டுகளாக எழுதி வந்திருக்கிறார். ஆனால் நம்மவர் "மனம் நோகிறது" என்று எளிதிற் சொல்வதில்லை. நெஞ்செரிவு என்பர், தலையிடி என்பர், பெருமூச்செறிவர். உடம்பு பேசுவதைக் கேட்டு உள்ளத்தை அறியும் வைத்தியர் நோயாளியின் மொழியை மாத்திரமன்றி, அவன் பேச்சுவழக்கையும் அறிந்தவராக இருத்தல் வேண்டும். மொழிபெயர்ப்பாளரை நடுவே இருத்தித் தாயொருத்தியின் துயரைக் கேட்க முடியுமா?

கோயிலுக்கு நேர்த்தி வைப்பதை நாம் பழிக்கவில்லை. தெல்லிப்பழையில் துர்க்கையம்மன் கோயிலும் உண்டு. அதே ஊர் ஆசுபத்திரியில் உளநோய்ப் பிரிவும் உண்டு. அம்மனிடம் போகும் கால்கள் ஆசுபத்திரிக்கும் போகட்டும் என்பதே நம் வேண்டுகோள். அங்கே போவதில் வெட்கம் ஏது?

அரசுக்கும் ஒன்று சொல்வோம். வைத்தியர்களையும் தாதியர்களையும் உளவள ஆலோசகர்களையும் பிரதேசந்தோறும், தமிழிற் பேசுவோராக, போதியளவில் நியமிப்பது சலுகையன்று, கடமை. ஆனால் அதனோடு கடமை தீர்ந்துவிடாது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை ஏந்தி 2017 முதல் வீதியோரத்தில் அமர்ந்த அன்னையர்க்கு எந்தக் குளிசை மருந்தாகும்? இறந்தான் என்றறிந்தால் அழுது ஆறலாம். இருக்கிறான் என்றறிந்தால் காத்திருக்கலாம். இரண்டுமற்ற நிலையில் உள்ளம் எங்கே தங்கும்? அவர்க்குரிய முதல் மருந்து உண்மை. அதனை வழங்க வல்லது அரசு ஒன்றே.

உண்மையைக் கேட்டுப் போராடுவது நம் உரிமை. அடுத்த வீட்டுச் சாத்திய கதவைத் தட்டி, "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பது நம் கடமை. முன்னதற்கு அரசின் பதில் வேண்டும். பின்னதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை, இன்றே தொடங்குவோம்.