பின்பக்கத்துக்கும் காசு... தரையைப் பார்த்தீர்களா?

"ரெண்டு பக்கமும் கரண்ட் எடுக்கும் சார், அப்படியே டபுள்!" இரட்டைக் கண்ணாடி பைஃபேஷியல் சோலார் பேனலுக்கு இப்படி ஒரு விற்பனை வசனம் உண்டு. போடிநாயக்கனூரில் மொட்டைமாடி வைத்திருப்பவருக்கும் அதே வசனம், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவருக்கும் அதே வசனம். சுத்தப் பேத்தல்!

விஷயம் இவ்வளவுதான். சாதா பேனலில் முன்னால் கண்ணாடி, பின்னால் பிளாஸ்டிக் தாள். பைஃபேஷியலில் அந்தத் தாளுக்குப் பதில் இன்னொரு கண்ணாடி. உள்ளே இருக்கும் செல்லின் முதுகும் வெளிச்சத்தை வாங்கும். ஆனால் முதுகுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தரையில் பட்டுத் திரும்பும் மிச்ச வெளிச்சம். புல்தரை ஐந்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும்; புதிதாக வெள்ளையடித்த தளம் பாதிக்கு மேல் அனுப்பும். அதையும் முன்பக்கத்தின் திறனில் 70, 80 சதவீத அளவுக்குத்தான் முதுகு மின்சாரமாக்கும். கடைசியில் கையில் நிற்பது பொதுவாக 5 முதல் 15 சதவீதம் கூடுதல். இதில் டபுள் எங்கே வந்தது?

1982ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் 50 சதவீதம் கூடுதலாக எடுத்துக் காட்டவில்லையா என்று கேட்கலாம். காட்டினார்கள்தான்... சுற்றுப்புறத்தை வெள்ளையாக்கி, அதற்கென்றே அமைத்த ஏற்பாட்டில்!

தகரக் கூரையோடு ஒட்டிப் படுக்கவைத்தால் முதுகு இருட்டில்தான் கிடக்கும். அதற்குக் கூடுதல் காசு எதற்கு? 2024ல் தொடங்கிய பிரதமர் சூர்ய வீடு திட்ட மானியமும் (3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய்) கிலோவாட் கணக்கில்தான். முதுகுக்கென்று தனி மானியம் கிடையாது.

மலையில் கதை இன்னும் மோசம். ஏலச்செடி நிழலில் வளரும் செடி. பேனலுக்கு வெயில் வேண்டுமென்று மரத்தை வெட்டினால் செடி கருகும். வெட்டாவிட்டால் பேனல் தூங்கும். காய் எடுப்பு சூடுபிடிப்பதோ மழையும் மூடுபனியுமான மாதங்களில். முன்பக்கத்துக்கே வெயில் இல்லாத நாளில் பின்பக்கம் என்ன கிழிக்கும்?

அதற்காக இந்தப் பேனலே மோசடி என்று சொல்வதும் தவறு. மலை ஈரத்தில் பிளாஸ்டிக் தாள் நாளடைவில் வெடித்து நீராவியை உள்ளே விடலாம், கண்ணாடி விடாது. ஆக, மலையில் காசு கொடுக்க வேண்டியது அந்த ஆயுளுக்கு, டபுள் கரண்டுக்கு அல்ல. கீழே போடியில், வெள்ளையடித்த மொட்டைமாடியில், ஒரு மீட்டர் உயரத் தாங்கியில், கம்பியின் நிழல் முதுகில் விழாமல் நிறுத்தினால் லாபம் உண்டு. கண்ணாடி இரண்டானதால் எடையும் கூடும் என்பதால் தாங்கி உறுதியாக இருக்க வேண்டும்.

எனவே விற்க வருகிறவரிடம் "எத்தனை வாட்?" என்று கேட்பதற்கு முன், "என் தரைக்கு எத்தனை சதவீதம் கூடும்? எழுதித் தருவீர்களா?" என்று கேட்க வேண்டும். டபுள் என்று சொன்ன வாய் அங்கே என்ன சொல்கிறது என்று பார்க்கட்டும்!