ருது ஜாதகப் புரட்டு



அத்திப்பட்டில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் கண்ணில் படுவது வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளாகும். தெருவுக்குள் வந்தாலோ, "மஞ்சள் நீராட்டு விழா" என்று பெண் குழந்தையின் படம் போட்டுக் கட்டிய பேனர். கொதிகலனில் ஆவி குறைந்தால் எந்த வால்வைப் பார்க்க வேண்டுமென்று அறிந்த தொழிலாளி, அவ்வேளையில் பஞ்சாங்கத்தைப் புரட்டுவாரானால் அவரைப் பித்தன் என்போம். ஆனால் தன் மகளின் சரீர விஷயம் என்றால் மாத்திரம் அதே மனிதர் ஜோசியனிடம் ஓடுகிறார்.

ஓடி, பெண் எந்தக் கிழமையில், எந்த நட்சத்திரத்தில் உட்கார்ந்தாள் என்று சொல்லி ருது ஜாதகம் எழுதச் சொல்லுகிறார். இன்ன நட்சத்திரமானால் தாலி நிலைக்காது, சாந்தி செய்தாக வேண்டும் என்று அவனும் கூசாமல் எழுதித் தட்சணை வாங்கிக் கொள்ளுகிறான்.

நாம் கேட்கிறோம்: அந்த நாழிகை எதனுடைய நாழிகை? பருவம் அன்றைக்கா துவங்கியது? மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பாகம் ஒன்றுண்டு. பிள்ளைப் பிராயத்தில் அடங்கிக் கிடக்கும் அது, பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளாக, முதலில் இரவில் தூங்கும்போது, விட்டு விட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரியை ஏவுகிறது. பிட்யூட்டரியின் ஹார்மோன்கள் ரத்தத்தின் வழியே போய்ச் சினைப்பையை ஏவ, சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. மார்பு அரும்புவதும், இடுப்பு அகலுவதும், உயரம் ஏறுவதும் இதனாலேயே. முதல் உதிரம் காண்பதோ, மார்பு அரும்பிப் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை வருஷம் கழித்துத்தான். சென்ட்ரலிலிருந்து வந்த வண்டி அத்திப்பட்டைத் தாண்டும்போது கடிகாரத்தைப் பார்த்து, "வண்டி புறப்பட்ட நேரம் இதுதான்" என்று எழுதுகிறவனுக்கும் இந்த ஜோசியனுக்கும் என்ன வித்தியாசம்? போதாக்குறைக்கு அவன் குறிப்பது பெண் அதைக் கவனித்த நேரமே ஒழிய, வந்த நேரங்கூட அல்ல!

நிற்க, தீட்டு என்கிறார்களே, அதைப் பார்ப்போம். ஹார்மோன் என்ற பெயரை ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேயர் 1905-ல் வழங்கினார். மேலே சொன்ன ஹைப்போதலாமஸ் ஹார்மோனின் அமைப்பு 1971-ல் தெரிந்தது; அவ்வாராய்ச்சிக்காக ஷாலி, கில்லமின் இருவரும் 1977-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அதே ஹார்மோன்தான் ஆண் பிள்ளைக்கும் சுரக்கிறது. பிட்யூட்டரியின் அதே உத்தரவு விதைக்குப் போய், டெஸ்டோஸ்டிரோன் சுரந்து, குரல் உடைந்து, மீசை அரும்புகிறது. பெண்ணுக்குத் தீட்டானது பையனுக்கு மாத்திரம் எப்படிப் பெருமையாயிற்று? குரல் உடைந்த மருமகனுக்கு எந்தத் தாய்மாமன் பச்சை ஓலை கட்டித் தனியே உட்கார வைத்தான்?

இது விளையாட்டுச் சமாச்சாரமன்று. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு, தஞ்சை ஜில்லா பட்டுக்கோட்டைப் பக்கத்தில், வயதுக்கு வந்தாள் என்பதற்காகத் தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்த சிறுமியின் மேல் தென்னை மரம் விழுந்து அவள் மாண்டாள். ஊரெல்லாம் புயல் எச்சரிக்கை கேட்டிருந்தும் தீட்டு என்ற ஒரு சொல் அவளை வெளியே வைத்திருந்தது. 2025 ஏப்ரலில் கோவை ஜில்லாவில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில், அதே காரணத்துக்காக எட்டாம் வகுப்புப் பெண்ணை வாசற்படியில் உட்கார வைத்துப் பரீட்சை எழுதச் செய்தார்கள். உடலின் இயல்பைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டிய இடத்தின் யோக்கியதை இது!

இவ்வளவு ஆர்ப்பாட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லுவார் உண்டா? முதல் இரண்டொரு வருஷம் மாதவிடாய் ஒழுங்காக வராமலிருப்பது சகஜம் என்பதைக்கூட அவளுக்கு ஒருவரும் சொல்லுவதில்லை. மாதம் தவறினால் தாயார் பயந்து வேண்டுதல் செய்கிறாள். பேனரோ பெண்ணுக்காகக் கட்டியதல்ல. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது என்று ஊருக்கு அடிக்கும் தமுக்கு அது.

உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கிறார்களே என்பார்கள். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் களி பதினாறாம் நாளோடு நின்றுவிடுகிறது, உதிரமோ மாதாமாதம் போகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை. அந்த 59 பேரும் எந்த நட்சத்திரத்தில் உட்கார்ந்தார்கள் என்று நமது ஜோசியர்கள் கணித்துச் சொல்லட்டுமே!