பையைக் குறை சொல்லாதேங்கோ

மண்மூட்டை எண்டால் எங்கட வீட்டுப் பெரியாக்களுக்கு ரோட்டோரச் சென்ரிதான் ஞாபகத்துக்கு வரும். துவக்கு எண்டால் அதைவிட மோசம். இதைப்பற்றி எழுதப்போறன் எண்டு சொன்னவுடன ரெண்டு நண்பர்கள் முகத்தைச் சுழிச்சினம். நியாயம்தான். நானும் துவக்கைக் கையால தொட்டதில்லை. ஆனால் 'பெஞ்ச்ரெஸ்ட்' எண்ட விளையாட்டைப் பற்றி வாசிக்கத் தொடங்கின நாளில இருந்து, ஒரு சின்ன மணல் பை என்ர மண்டைக்குள்ளேயே இருக்கு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் சங்கங்கள் அமைத்து வளர்த்த விளையாட்டு இது. சுடுபவர் அசையாத ஒரு மேசைக்கு முன்னால் இருப்பார். துவக்கின்ர முன்கட்டை, அதாவது குழலுக்குக் கீழ வாற பகுதி, பாரமான மூன்று கால் தாங்கியின் மேலுள்ள பையில் இருக்கும். பின்பக்கம், முயல்காது மாதிரி ரெண்டு காதுள்ள இன்னொரு பையில் இருக்கும். 100 அல்லது 200 யார் தூரத்தில் ஒரு தாள். ஐந்து வெடி. 'குரூப்' போட்டியில நடுப்புள்ளியில் பட்டதா எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஆகத் தள்ளியிருக்கிற ரெண்டு ஓட்டைகளின் நடுவுக்கும் நடுவுக்கும் எவ்வளவு தூரம் எண்டுதான் அளப்பினம். கனபேர் பாவிக்கிறது 6 மில்லிமீற்றர் குண்டு. கெட்டிக்காரர் 100 யாரில் சுட்டால் அந்த இடைவெளி குண்டின்ர அகலத்தைவிடக் குறைவாக வரும். அதாவது ஐந்து குண்டும் சேர்ந்து போட்டது ஒரே ஒரு கிழிசல் ஓட்டை.

"துவக்கைப் பையில வைச்சிட்டு விசையை அமத்தினால் சரி, இதில என்ன திறமை?" எண்டு கேக்கிறவை இருக்கினம். முதல்ல எனக்கும் அப்பிடித்தான் பட்டது. ஆனால் பை துவக்கைப் பிடிச்சு வைக்கிற சாமான் இல்லை. வழமையான பிரிவுகளில துவக்கைப் பூட்டி வைக்கேலாது. அந்த மாதிரிப் பொறிகளுக்கு 'அன்லிமிட்டட்' எண்டு தனிப் பிரிவு இருக்கு. மற்றப் பிரிவுகளில துவக்கு வெடிக்கேக்க பின்னுக்கு வழுக்கிப் போகும். குண்டு குழலுக்குள்ள இருக்கேக்கயே அந்தப் பயணம் தொடங்கிவிடும். ஐந்து தரமும் அந்தப் பயணம் ஒரே மாதிரி இருக்க விடுறதுதான் முன்பையின்ர வேலை. ஒருக்கா இறுக்கிப் பிடிச்சு, மற்றொருக்கா வழுக்க விட்டால், தாளில ஓட்டைகள் விலகும்.

அப்ப எந்தப் பையை வாங்கிறது? என்ர அபிப்பிராயம், முதலில் பார்க்க வேண்டியது அகலம், பிராண்ட் இல்லை. போட்டித் துவக்குகளின் முன்கட்டை அடியில தட்டையா, 3 அங்குலம் வரை அகலமா இருக்கும். வேட்டைத் துவக்குகளின்ரது ஒடுக்கமா, உருண்டையா இருக்கும். ஒடுக்கமான கட்டையை அகலமான பையில வைச்சால் பக்கவாட்டில ஆடும். அகலமான கட்டையை ஒடுக்கமான பையில திணிச்சால் காதுகள் அதை நெரிக்கும். அளவு பாக்காமல் பேருக்காகச் சேர்ட் வாங்கிற கதைதான் இது.

இரண்டாவது இறுக்கம். மணல் தளர்வா இருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் கட்டை கொஞ்சம் கொஞ்சமா உள்ள புதையும். துவக்கு ஒவ்வொரு தரமும் வேற இடத்தில நிக்கும். கல்லுப் போல அடைச்சால் துள்ளும். விரலால அமத்தினால் கொஞ்சம் இடம் குடுத்து, அப்பிடியே நிக்கிற அளவு காணும். மூன்றாவது மேற்பரப்பு. தோலோ, கோர்டுரா நைலோனோ, வழுக்கலுக்கு முகப்பவுடர் பூசிறவை கனபேர். கரம் விளையாடினவைக்குத் தெரியும், பவுடர் கூடினாலும் பிழை, ஒரு மூலையில மட்டும் குறைஞ்சாலும் பிழை. எல்லா இடமும் ஒரே சீரா இருக்கோணும்.

இப்ப 'பாரமணல்' எண்ட மோகத்துக்கு வாறன். சாதாரண மணலுக்குப் பதிலா சிர்கோன் மாதிரி அடர்த்தி கூடின மணலை விலை குடுத்து வாங்கி நிரப்பினம். சாதாரண குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி கிட்டத்தட்ட 2.65, சிர்கோனுக்கு 4.6 அளவில். எங்கட திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையில் இல்மனைற், ரூட்டைலோட சேர்த்து அள்ளுற அதே கனிமம்தான். பின்பைக்கு இது பிரயோசனம், ஏனெண்டால் அது மேசையில சும்மா இருக்கிற பை. பாரம் இருந்தால்தான் அசையாது. ஆனால் முன்பை ஏற்கனவே பாரமான இரும்புத் தாங்கியோட இறுக்கியிருக்கு. அதுக்குள்ள சிர்கோன் போடுறது, சுவரில ஆணி அடிச்ச படத்துக்கு மேல கல்லு வைக்கிற மாதிரி. அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் குண்டு வாங்கிப் பழகலாம்.

பை பொருந்துதா எண்டு பாக்கக் காசு தேவையில்லை. குண்டு போடாத துவக்கைப் பைகளில வைச்சு, தொலைநோக்கியால தாளைப் பாத்துக்கொண்டு, கையால மெல்லப் பின்னுக்கு இழுத்துத் திரும்பத் தள்ள வேணும். குறுக்குக்கோடு பக்கவாட்டில விலகாமல் போய், தொடங்கின இடத்துக்கே வந்தால் சரி. விலகினால் பையைத் திருத்தலாம், தாங்கியை நேராக்கலாம், பின்பையை ஒரு நேர்கோட்டில வைக்கலாம். புதுசு வாங்கிறது கடைசி வழி.

அதுக்குப் பிறகு பையை மறந்துபோகோணும். கனபேர் வழுகிற இடம் இதுதான் எண்டு நினைக்கிறன். ஓட்டைகள் விரிஞ்சவுடன பையை மாத்துவினம், பிறகு பவுடரை, பிறகு மணலை. ஒவ்வொரு கிழமையும் ஒண்டை மாத்தினால் எது பிழை எண்டு ஒருநாளும் தெரியவராது. மைதானத்தில மேசைக்கும் தாளுக்கும் நடுவில சின்னச் சின்னக் காற்றுக்கொடிகள் நட்டிருக்கும். இந்த விளையாட்டின்ர உண்மையான பரீட்சை அங்கதான். ஒரே காத்து திரும்ப வரும்வரை விசையில விரலை வைச்சுக் காத்திருக்கிற பொறுமையைக் கடையில வாங்கேலாது.

நல்ல பை உங்களை வெல்ல வைக்காது. உங்களிட்ட இருக்கிற ஒரு சாட்டை மட்டும் அது பறிச்சுப்போடும். அதுக்காகத்தான் அதைக் கவனமாத் தெரிவு செய்யோணும் எண்டு சொல்லுறன். படம் சரிவரேல்லை எண்டு கமெராவை மாத்திறவைக்கும், ஓட்டம் எடுக்கேல்லை எண்டு மட்டையை மாத்திறவைக்கும் இதைத்தான் சொல்லுவன்.

அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தினன். "அப்ப அந்த மண்மூட்டைக்குப் பின்னால ஆர் ஒளிஞ்சு இருக்கிறது?" எண்டு கேட்டா. ஒருத்தரும் இல்லையம்மா, எண்டன். அங்கால தாள் மட்டும்தான்.