உட்கார வைக்கும் அன்பு

திட்டக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து இடுப்பெலும்பு முறிந்து வரும் முதியோரிடம் எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வரப்பில் வழுக்கியதாகவோ வெள்ளாற்றங்கரையில் இடறியதாகவோ சொல்பவர்கள் மிகச் சிலரே. இரவு இரண்டு மணிக்குக் கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியில், அண்மையில் டைல்ஸ் பதித்த தரையில் விழுந்தேன் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அறுபது வயது வரை சேற்றில் நின்று நாற்று நட்ட கால்கள், சொந்த வீட்டுக்குள் பத்தடி தூரத்தைக் கடக்க முடியாமல் போயிருக்கின்றன.

என் தாயாருக்கும் இதுவே நேர்ந்தது. எனக்கு வேலை கிடைத்ததும் நான் பெருமையோடு செய்த முதல் காரியம், அவரைக் களையெடுக்கப் போகவிடாமல் நிறுத்தியதுதான். அடுத்த ஆண்டு மாட்டை விற்றோம். பிறகு வாசல் தெளிப்பதும் அம்மியும்கூட அவர் கையை விட்டுப் போயின. “நீ சும்மா உட்காரும்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று நாங்கள் சொல்லாத நாளில்லை. அவரும் உட்கார்ந்தார். ஆறே ஆண்டுகளில் நாற்காலியில் கையூன்றாமல் எழ முடியாதவரானார். ஒரு நாள் குளியலறை வாசலில் விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையிலேயே பணிபுரிந்தும், உட்கார வைத்தது நான்தான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

எலும்பு கல்லன்று, உயிருள்ள திசு. பழைய எலும்பு கரைவதும் புதியது படிவதும் நம் உடலில் நாள்தோறும் நடக்கின்றன. முப்பது வயதை ஒட்டி எலும்பின் அடர்த்தி உச்சத்தை எட்டுகிறது. பின்னர் மெல்லக் குறைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குச் சில ஆண்டுகள் அந்தக் குறைவு வேகமாக இருக்கும். எலும்பைப் படியச் சொல்லும் கட்டளை, அதன் மேல் விழும் சுமையிலிருந்து வருகிறது. சுமை இல்லாவிட்டால் கட்டளையும் இல்லை. எடையற்ற விண்வெளியில் வாழும் வீரர்கள், உடல் எடையைத் தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை இழப்பதாக நாசா கண்டறிந்துள்ளது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அளவுக்கு அவர்கள் உடற்பயிற்சி செய்வது அதனால்தான். நம் வீட்டு நாற்காலி விண்வெளி ஆகாது. ஆனால் எலும்பு கற்கும் பாடம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

ஆகவே, முதியோரிடமிருந்து வேலையைப் பறிக்காதீர்கள் என்பது என் கருத்து. குடம் சுமக்கச் சொல்லவில்லை. முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர்கள் குனிந்து பாரம் தூக்கவே கூடாது. கீரை ஆய்வது, துணி உலர்த்துவது, கடைத்தெருவுக்கு நடந்து போய் வருவது, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவருவது ஆகியவை அவர்களிடமே இருக்கட்டும். நடை மட்டும் போதாது. கால் வலுவும் நிலைதடுமாறாத் தன்மையும் வேண்டும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வதும், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குவதும் காசில்லாத மருந்துகள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. இரத்தக் கொதிப்பு மாத்திரையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அதைக் கேட்காமல் விடுவது நமக்கு இழப்பு.

உணவைப் பற்றி நம் பாட்டிமாருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்கள் தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்தாலே போதும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றில் இரசம் ஊற்றி உண்டுவிட்டு எழுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தபடி, வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. இரசச் சோறு இதில் சிறு பங்கைக்கூட எட்டாது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராமும், ஒரு தம்ளர் பாலில் 240 மில்லிகிராம் அளவும் உண்டு. எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, தயிர், முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்திலி ஆகியவை நமக்கு எட்டாத பொருள்கள் அல்ல. பருப்பும் முட்டையும் சேர்ந்தால்தான் தசை நிற்கும். தசை நின்றால்தான் மனிதர் விழாமல் இருப்பார். வெற்றிலைச் சுண்ணாம்பே போதுமே என்று வாதிடும் பெரியவர்கள் உண்டு. அந்தச் சுண்ணாம்போடு வாய்க்குள் போகும் புகையிலையை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும் என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை. ஆனால் நம் ஊரைப் போலவே வெயில் மிகுந்த திருப்பதியில் நடந்த ஆய்வு, காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை உள்ள வெயிலில்தான் அது நன்கு உருவாகிறது என்று காட்டியது. கண்ணாடிச் சன்னல் வழியே வரும் ஒளி இதற்கு உதவாது. சித்திரை, வைகாசியில் நண்பகல் வெயிலில் முதியோரை நிறுத்துவது ஆபத்து என்பதால், மற்ற மாதங்களில் கை கால்களில் படும்படி சிறிது நேரம் நின்றால் போதும். குறைபாடு மிகுந்தால் மருத்துவர் 60,000 அலகு கொண்ட மருந்தை, பெரும்பாலும் வாரம் ஒன்றாக, எழுதித் தருவார். அதை நாள்தோறும் விழுங்கிவிட்டு வாந்தியும் குழப்பமுமாக வருபவர்கள் உண்டு. சீட்டில் எழுதியதைப் பராமரிப்பவர் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை இரும்புச் சத்து மாத்திரையோடு ஒரே வேளையில் தரக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

மூட்டு வலிக்கு உடனே குணம் தரும் என்று பெயர் தெரியாத பொடிகளை வாங்கித் தராதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அது வலியைக் குறைக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பை அரித்துவிடும்.

ஒரு முறை சிறு விழுகையில் எலும்பு முறிந்தவருக்கு அடுத்த முறிவின் வாய்ப்பு கூடுகிறது. மணிக்கட்டு முறிவைக் கட்டுப்போட்டு மறந்துவிடாமல், எலும்பின் அடர்த்தியை அளக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இடுப்பெலும்பு முறிந்தாலோ, நாட்டுக் கட்டு போட்டு நாள்களைக் கடத்தாதீர்கள். பெரும்பாலோருக்கு ஓரிரு நாள்களுக்குள் அறுவை சிகிச்சை செய்து எழுப்பி நடக்க வைப்பதே உயிர் காக்கும் வழி. அப்படி முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. முறிவைவிடப் படுக்கையே அவர்களுள் பலரைக் கொல்கிறது.

வீட்டுக்குச் செலவு அதிகமில்லை. கழிவறையில் ஒரு கைப்பிடிக் கம்பி, வழியில் ஓர் இரவு விளக்கு, ஈரத் தரையில் வழுக்காத விரிப்பு, தேய்ந்த செருப்புக்குப் பதில் புதியது. டைல்ஸுக்குச் செலவிட்டதில் இது ஒரு சிறு பங்குதான்.

என் தாயார் இப்போது மாடியில் பத்துத் தொட்டிகளில் கீரை வளர்க்கிறார். மாடிப்படிக்குக் கம்பி போட்டிருக்கிறோம். நீர் ஊற்ற நான் போனால், “நீ போய் உன் வேலையைப் பாரடா” என்கிறார்.