பாசிமணிக்கு வயது இரண்டாயிரம்!

திருவேற்காடு கோயிலுக்குப் போகிற வழியில் கடைகளில் தொங்கும் பாசிமணிச் சரங்களைப் பார்த்தால் குழந்தைகளின் கால் தானாக நின்றுவிடும். இன்று அவற்றில் பல பிளாஸ்டிக். ஆனால், மணி மேல் உள்ள ஆசைக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல்!

புதுச்சேரிக்கு அருகே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் இங்கே அகழாய்வு செய்தார். ரோமானியரின் மதுச்சாடித் துண்டுகளோடு கண்ணாடி மணிகளும் கிடைத்தன. மணிகள் இங்கேயே செய்யப்பட்டவை. இதே வகை மணிகள் தாய்லாந்து, வியட்நாம், கொரியா, ஆப்பிரிக்கா வரை கிடைத்திருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் வைத்த பெயர், 'இந்தோ-பசிபிக் மணிகள்'.

கடுகளவு மணியில் எப்படி ஓட்டை போட்டார்கள்? போடவே இல்லை, அதுதான் சூட்சுமம்!

உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உள்ளே கூடு இருக்கும்படி திரட்டுவார்கள். பிறகு, ஜவ்வு மிட்டாய் இழுப்பதுபோல இழுத்துக்கொண்டே போவார்கள். கண்ணாடி மெல்லிய குழலாக நீளும். நடுவில் உள்ள துளையும் கூடவே நீளும். ஆறியதும் பொடிப்பொடியாக நறுக்கி, சாம்பலில் புரட்டி மறுபடி சூடாக்குவார்கள். கூர்முனைகள் உருண்டுவிடும். துளை அடைபடாமலும், மணிகள் ஒட்டிக்கொள்ளாமலும் காப்பது அந்தச் சாம்பல்தான். நிறத்துக்குத் தாது. செம்பு சேர்த்தால் சூளையின் பக்குவத்தைப் பொறுத்துச் சிவப்போ பச்சையோ வரும். கோபால்ட் சேர்த்தால் கருநீலம்.

அம்பத்தூர், ஆவடியைக் கடந்து போகும் திருப்பதி ரயில் ரேணிகுண்டாவைத் தொடும். அதன் அருகே உள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறை 20-ம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்ததை ஆய்வாளர்கள் நேரில் பார்த்துப் பதிவு செய்தார்கள். புத்தகம் பார்த்துக் கற்ற தொழில் அல்ல. அப்பா கையைப் பார்த்துப் பிள்ளை கற்றது. ஒரு தலைமுறை விட்டுவிட்டால் அதோடு போச்சு.

அரிக்கமேட்டில் மழை பெய்தால் மணிகள் மண்ணுக்கு மேலே வரும். அவற்றைப் பொறுக்கி விற்றவர்களும் உண்டு, ஆசையாக வாங்கியவர்களும் உண்டு. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் மணி வரலாறு பேசும். எடுத்துவிட்டால் அது வெறும் மணி.

வீடு கட்டப் பள்ளம் தோண்டும்போது பழைய மணியோ பானை ஓடோ தென்பட்டால், அப்படியே விட்டுவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். பார்க்க ஆசையா? புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகள் காத்திருக்கின்றன. விடுமுறையில் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்!