ஓடாத கரம் பலகை

"வாப்பா, எங்கட போட் ஓடுதில்ல. சந்தியில உள்ள போட்ல ஒரு தட்டுத் தட்டினா நாலு தரம் போய் வருது."

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த மூத்த மகன் ஒருநாள் இரவு என்னிடம் சொன்ன பதில் இது. "வீட்டில் கரம் பலகை இருக்க, ஏன் மகன் சந்திக்குப் போய் இரவு பத்து மணிவரை நிற்கிறீர்?" என்று நான் கேட்டதற்குத்தான் இப்படிச் சொன்னார். கோபம் வந்தது உண்மை. என்றாலும், சற்று யோசித்துப் பார்த்தேன். பிள்ளை பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பலகையில் ஸ்ட்ரைக்கரை எவ்வளவு வேகமாகத் தட்டினாலும், எதிர்ச் சட்டத்தில் பட்டு பாதி வழி திரும்பி நின்றுவிடும். அதில் யார்தான் ஆசையோடு விளையாடுவார்?

பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொல்வது எளிது. அவர்கள் இருக்கத்தக்கதாக வீட்டை வைத்திருக்கிறோமா என்பது வேறு கேள்வி. ஆகவே சந்தியைத் தடை செய்வதற்கு முன்னர் பலகையைத் திருத்துவோம் என்று முடிவு செய்தேன்.

முதலில் நான் செய்தவை இரண்டும் பிழைகளே. பவுடர் போதாது என்று எண்ணிக் கைநிறைய அள்ளிக் கொட்டினேன். பலகை இன்னும் மந்தமாகியது. பிறகு அழுக்குத்தான் காரணம் என்று ஈரத் துணியால் அழுந்தத் துடைத்தேன். மறுநாள் பலகையின் ஒரு மூலை கையால் தடவும்போதே சொரசொரப்பாக இருந்தது.

எங்கள் அயலில் தச்சு வேலை செய்யும் நானா ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்துக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "மௌலவி, பிளைவுட்டுக்குத் தண்ணி காட்டினா அது வீங்கும். இனிமேல் காய்ந்த துணி மட்டும்தான்" என்றார். அன்று பிற்பகல் அவர் கற்றுத் தந்தவற்றையும், பின்னர் நான் படித்து அறிந்தவற்றையும் வாசகர்களுக்காக இங்கே ஒழுங்காகத் தருகிறேன்.

முதலாவது, பலகையின் வேகத்துக்கு ஓர் அளவு உண்டு. 1988இல் அமைக்கப்பட்ட சர்வதேச கரம் சம்மேளனத்தின் விதிகளின்படி, 15 கிராம் ஸ்ட்ரைக்கரைப் பலமாகத் தட்டினால் அது குறைந்தது மூன்றரைத் தரமாவது போய் வர வேண்டும். பிளைவுட்டின் கனம் 8 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. விளையாடும் பரப்பு ஒரு பக்கம் ஏறத்தாழ 74 சென்ரிமீற்றர். மலிவான பலகைகளில் பிளைவுட் மெல்லியதாக இருப்பதால் நடுவில் தாழ்ந்துவிடும். அதற்குப் பவுடர் மருந்தாகாது.

இரண்டாவது, மட்டம் பார்க்க வேண்டும். மேசன்மாரின் நீர்மட்டம் இல்லாவிட்டால் சிறுவர்களின் மாபிள் ஒன்று போதும். அதைப் பலகையின் நடுவிலும் நான்கு பக்கங்களிலும் மெதுவாக வைத்துப் பாருங்கள். எங்கே வைத்தாலும் ஒரே பக்கத்துக்கு உருண்டால் பிழை மேசையில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் காலின் கீழ் மடித்த மட்டையை வைத்தால் சரியாகிவிடும். எல்லாப் பக்கங்களிலிருந்தும் நடுவை நோக்கி உருண்டால் பலகை தாழ்ந்துவிட்டது. அப்போது பின்புறத்தில் குறுக்குச் சட்டம் அடிக்க வேண்டும். எங்கள் பலகைக்கு நானா இரண்டு சட்டங்கள் அடித்தார்.

மூன்றாவது, ஈரம். எங்கள் நாட்டின் மழைக்காலத்தில் மரம் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். முன்னர் பலகைக்கு மேலே தாழ்வாக 100 வாட் மின்குமிழைத் தொங்கவிட்டு விளையாடுவார்கள். அது வெளிச்சத்தோடு சூட்டையும் தந்து பலகையை உலர்வாக வைத்திருந்தது. இன்றைய எல்.ஈ.டி. குமிழ்கள் அந்தச் சூட்டைத் தருவதில்லை. ஆகவே பலகையைச் சமையலறைப் பக்கமோ, ஈரச் சுவரிலோ வைக்காதீர்கள். சுவரில் சாய்த்தும் வைக்காதீர்கள், வளைந்துவிடும். உலர்ந்த அறையில், துணியால் மூடி, படுக்கையாக வைப்பதே நல்லது. காய வைக்கிறோம் என்று வெயிலில் போடுவதும் பலகையைக் கோணலாக்கும்.

நான்காவது, காய்கள். காயின் அடியில் பழைய பவுடரும் கை வியர்வையும் சேர்ந்து ஒரு படை பிடித்திருக்கும். ஒவ்வொரு காயையும் உலர்ந்த பருத்தித் துணியில் வைத்துத் தேய்த்தால் துணி கறுப்பதைக் காணலாம். விதிப்படி ஒரு காயின் நிறை 5 முதல் 5.5 கிராம் வரை. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேற்படக் கூடாது. உடைந்த, விளிம்பு பிசிறான காய்களை ஒதுக்கிவிடுங்கள். அவை பலகையையே கீறும்.

ஐந்தாவதுதான் பவுடர். கரம் பவுடர் என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் இருப்பது போரிக் அமிலம். அதன் துகள்கள் தட்டுத் தட்டாக அமைந்தவை. ஒரு தட்டின் மேல் மற்றது வழுக்குவதால் காய் இலகுவாக ஓடுகிறது. இதற்கு மிக மெல்லிய படை போதும். ஒரு சிட்டிகையைத் துணியில் எடுத்துப் பலகை முழுவதும் பரப்பி, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். அளவு மீறினால் பவுடர் குவிந்து தடையாக நிற்கும். நான் கண்டது அதைத்தான். கோதுமை மா, அரிசி மா போடுவோரும் உண்டு. அவை ஈரத்தில் கட்டிபட்டு எறும்பையும் அழைக்கும். முகப் பவுடர் விரைவில் காய்களில் அப்பிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்து முடித்த அன்றிரவு மகன் தட்டினார். ஸ்ட்ரைக்கர் மூன்று தரம் போய் வந்து, நான்காவதில் நடுக்கோட்டைத் தாண்டி நின்றது. வீட்டில் எல்லோரும் கைதட்டினோம்.

இத்தோடு கட்டுரை முடிந்திருக்க வேண்டும். ஆனால் சொல்ல வேண்டிய முக்கியமான விடயம் இனித்தான் இருக்கிறது.

மிஞ்சிய பவுடரை நான் ஒரு வெற்று ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு, சமையலறைத் தட்டில் வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்துச் சின்ன மகளுக்கு சூப் காய்ச்சிய என் உம்மா, அதைக் கோன் மா என்று எண்ணிக் கரண்டியில் அள்ளிவிட்டார். மகன் தற்செயலாகத் தண்ணீர் குடிக்க வந்தவர், "உம்மும்மா, அது போட் பவுடர்!" என்று கத்தியதால் கரண்டி சட்டிக்குள் போகவில்லை.

போரிக் அமிலம் கரப்பானுக்கும் எறும்புக்கும் வைக்கும் நஞ்சு. ஒரு காலத்தில் அதைக் குழந்தைகளின் தோலுக்கான பவுடரிலும் சேர்த்தார்கள். குழந்தைகள் நஞ்சூட்டப்பட்டு இறந்ததன் பின்னரே அது கைவிடப்பட்டது. வயிற்றுக்குள் போனால் வாந்தி, வயிற்றோட்டம், தோல் சிவத்தல், மிஞ்சினால் வலிப்பும் உண்டாகலாம். புண்பட்ட தோல் வழியாகவும் அது உடலுக்குள் செல்லும். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் இதனை இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யும் பொருளாக, மிகுந்த கவனத்துக்குரியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே பவுடரை அதன் சொந்தப் பெட்டியிலேயே வையுங்கள். உணவுப் போத்தலில் ஒருபோதும் போடாதீர்கள். பெயர் எழுதி, சமையலறைக்கு வெளியே, சிறுவர் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். விளையாடி முடிந்ததும் கை கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது. விரலில் காயம் உள்ளவர் அன்று விளையாடாதிருக்கட்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் நிலத்தில் சிந்தியதை உடனே துடையுங்கள். உருளைக்கிழங்கு மாச்சத்தில் செய்த பவுடரும் விற்கப்படுகிறது. கிடைத்தால் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதுவே மேல். ஒரு குழந்தை போரிக் பவுடரை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், பவுடர் பெட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையமும் இத்தகைய வேளையில் ஆலோசனை வழங்கும்.

கரம் என்பது வேலையற்றோர் விளையாட்டு என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியவன்தான். 2012இல் கொழும்பில் நடந்த உலகக் கரம் போட்டியில் ஆண்கள் ஒற்றையரில் வெற்றி பெற்றவர் நமது நாட்டின் நிஷாந்த பெர்னாண்டோ. பொறுமையும் கணக்கும் கைநிதானமும் தேவைப்படும் விளையாட்டு அது.

இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு மணித்தியாலம் கரம் நடக்கிறது. அதன் பிறகு மகன் புத்தகத்தோடு அமர்கிறார். நானும் விளையாடுகிறேன், பெரும்பாலும் தோற்கிறேன். அந்த ஒரு மணித்தியாலத்தில், பாடசாலையில் யாரோடு சண்டை, எந்தப் பாடம் விளங்கவில்லை என்று நான் கேட்காமலேயே அவர் சொல்லும் செய்திகள், அதற்கு முந்திய ஒரு வருடத்தில் நான் கேட்டுப் பெற்றவற்றைவிட அதிகம்.

உங்கள் வீட்டிலும் கட்டிலின் கீழோ, அலுமாரியின் பின்னாலோ ஒரு பலகை தூசு படிந்து கிடக்கக்கூடும். இந்த வாரம் அதை வெளியே எடுங்கள். காய்ந்த துணியால் துடைத்து, ஒரு மாபிளை உருட்டிப் பாருங்கள். பவுடரை மட்டும் சமையலறைக்குள் கொண்டு போகாதீர்கள்.