ரொட்ரிக்குத்தான் மச்சான், இப்பவும் சொல்றேன்

2024 ஒக்டோபர் 28 இரவு பாரிஸ்ல பல்லோன் டி'ஓர் விழா. நம்ம நேரத்துக்கு அது விடியச் சாமம் ஒரு மணி தாண்டித்தான் தொடங்கிச்சு. நாங்க நாலு பேர் ஒரே போனைச் சுத்தி உட்கார்ந்திருந்தோம். மூணு பேர் வினீசியஸ் கட்சி. நான் மட்டும் ரொட்ரி. ஊன்றுகோல் ரெண்டையும் ஊன்றிக்கிட்டு ரொட்ரி மேடைக்கு ஏறினப்ப மத்த மூணு பேரும் போனைப் பார்க்காம என்னைத்தான் முறைச்சானுங்க, என்னமோ நான்தான் ஓட்டுப் போட்டு வெல்ல வச்ச மாதிரி.

அதுக்குப் பிறகு 2025ல டெம்பெலே வென்று, அந்தச் சண்டையும் ஒரு சுற்று முடிஞ்சிட்டு. ஆனா கலேவெல சந்தியில டீ குடிக்கப் போனா இன்னும் ரொட்ரி – வினீசியஸ் கதைதான் ஓடுது. மற்றவங்க எல்லாரும் மறந்த கதையை நாங்க ஏன் இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கோம் எண்டு கேட்டா, இது ரெண்டு ஆளைப் பற்றின கதை மட்டும் இல்லை. ஒரு அணியில யாரு பெறுமதியான ஆள் எண்டு எப்படி அளக்கிறது என்கிற கதை.

முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன். ரொட்ரிக்கு 1170 புள்ளி, வினீசியஸுக்கு 1129. வெறும் 41 புள்ளி வித்தியாசம். மூணாவது பெல்லிங்ஹாம், நாலாவது கார்வஹால், ரெண்டு பேரும் ரியல் மட்ரிட். வினீசியஸ் வெல்லப்போறதில்லை எண்டு தெரிஞ்சதும் ரியல் மட்ரிட் ஆட்கள் ஒருத்தரும் விழாவுக்கே போகல. சிறந்த கழகம், சிறந்த பயிற்றுவிப்பாளர் எண்டு ரெண்டு விருது அவங்களுக்குத்தான் கிடைச்சது, வாங்கத்தான் ஆள் இல்லை. இந்தக் கோபத்தை என்னால விளங்கிக்கொள்ள ஏலும், ஆனா ஏத்துக்க ஏலாது. நம்ம பிள்ளைக்கு முதல் பரிசு இல்லை எண்டதும் பரிசளிப்பு விழாவுக்கே போகாம விடுற பெற்றோர் மாதிரி இருந்தது.

இனி என்ட வாதம். 2023 செப்டெம்பர்ல நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டோட நடந்த மெட்ச்ல ரொட்ரிக்கு சிவப்பு அட்டை. மூணு மெட்ச் தடை. அந்த மூணையும் மன்செஸ்டர் சிட்டி தோத்தது: லீக் கப்ல நியூகாசில், பிரீமியர் லீக்ல வுல்வ்ஸ், பிறகு ஆர்சனல். டிசம்பர்ல மஞ்சள் அட்டைகள் சேர்ந்து இன்னொரு மெட்ச் வெளியே இருந்தான், அஸ்டன் வில்லாவோட அதுவும் தோல்வி. அந்தப் பருவத்துல சிட்டி லீக்ல மொத்தமாத் தோத்ததே மூணு மெட்ச்தான். மூணுலயும் ரொட்ரி இல்லை! ஹாலண்ட் இருந்தான், ஃபோடன் இருந்தான், இவன் மட்டும்தான் இல்லை. அவன் ஆடி சிட்டி தோத்த ஒரு மெட்ச் பார்க்கிறதுக்கு 2024 மே 25 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது, எஃப்.ஏ. கப் இறுதிப் போட்டி, மன்செஸ்டர் யுனைட்டட்டோட. அதுக்கு முந்தி 74 மெட்ச் அவன் சிட்டிக்கு ஆடித் தோற்கவே இல்லை.

'சிறந்த ஆள்', 'பெறுமதியான ஆள்' எண்டு ரெண்டு சொல்லையும் நாங்க ஒண்ணாப் போட்டுக் குழப்பிடுறோம். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியா ஆடுறவனைச் சிறந்த ஆள் எண்டு சொல்லலாம். பெறுமதி தெரியணும் எண்டா அந்த ஆளைத் தூக்கி வெளியே வச்சுப் பார்க்கணும். வீட்டுல உம்மா ரெண்டு நாள் இல்லாட்டித்தான் விளங்கும், அது மாதிரி.

இந்த இடத்துல என்ட கூட்டாளி ஒருத்தன் கேட்டான், "அப்ப யூரோ ஃபைனல்? ரொட்ரி இடைவேளையோட வெளியே போயிட்டானே, ஸ்பெயின் அவன் இல்லாமத்தானே இங்கிலாந்தை 2–1க்கு அடிச்சது?" சரியான கேள்வி. காயத்தால போனான், சுபிமெண்டி வந்தான், ஸ்பெயின் வென்றது. என்ட அளவுகோல்ல அது ஒரு ஓட்டைதான், மறைக்கல. ஆனாலும் அந்த ஃபைனல் வரைக்கும் ஸ்பெயினைக் கொண்டுவந்த நடுக்களம் அவன்ட. தொடரின் சிறந்த வீரர் விருதும் அவனுக்குத்தான் குடுத்தாங்க.

வினீசியஸை நான் குறைச்சுச் சொல்லல. சம்பியன்ஸ் லீக் அரையிறுதியில பயர்னுக்கு மூனிச்ல ரெண்டு கோல், வெம்ப்ளி ஃபைனல்ல டோர்ட்முண்டுக்கு ஒரு கோல், ஸ்பானிய சுப்பர் கப் ஃபைனல்ல பார்சிலோனாவுக்கு ஹட்ரிக். பெரிய மெட்ச் எண்டா அவன் ஒளிய மாட்டான். பிரேசில் கோபா அமெரிக்கா காலிறுதியில உருகுவேயோட பெனால்டியில வெளியே போனது அவனுக்கு எதிராச் சொல்லப்படுது, ஆனா அந்த மெட்ச்ல அவன் தடையில இருந்தான். (என்ட அளவுகோல்படி பார்த்தா அது அவனுக்கு ஆதரவான சாட்சிதான். இதை அந்த மூணு பேரும் இன்னும் கண்டுபிடிக்கல. இதை வாசிச்சா கண்டுபிடிப்பானுங்க.)

அவன் பக்கம் இருக்கிற மிகப் பலமான வாதம் கோல் இல்லை. இந்த விருதுக்கு ஒழுக்கமும் நியாயமான ஆட்டமும் ஒரு அளவுகோல். மைதானம் மைதானமா இனவெறிக் கூச்சல் கேட்டுக்கொண்டே ஆடுறவன்ட 'ஒழுக்கத்தை' யாரு அளக்கிறது? 2023 மேயில வலென்சியா மைதானத்துல அவனை இனவெறியாகத் திட்டின மூணு பேருக்கு 2024 ஜூன்ல எட்டு மாதச் சிறைத் தண்டனை விதிச்சாங்க. அந்த வழக்கு அவ்வளவு தூரம் போனதுக்கு அவன் வாய் மூடாம இருந்ததும் ஒரு காரணம். அவன் கோபக்காரன், நடுவரோட சண்டைக்காரன் எண்டு யாரும் சொன்னா எனக்கு உள்ளுக்குள்ள கொதிக்குது. அவனுக்கு நான் ஓட்டுப் போடாததுக்கு அது காரணமா இருக்கவே கூடாது.

நான் ஓட்டுப் போடுறேனாம்! பல்லோன் டி'ஓருக்கு பீபா தரவரிசையில முதல் 100 நாடுகள்ல இருந்து நாட்டுக்கு ஒரு ஊடகவியலாளர்தான் ஓட்டுப் போடலாம். இலங்கை 200ஆம் இடத்தைச் சுத்திக் கிடக்குது. 2023ல பீபா நம்மளைக் கொஞ்ச மாதம் தடை செய்தும் வச்சிருந்தது. பீபாவே குடுக்கிற 'த பெஸ்ட்' விருதுக்கு மட்டும் எல்லா நாட்டுத் தலைவர்களுக்கும் பயிற்றுவிப்பாளர்களுக்கும் ஊடகவியலாளர்களுக்கும் ஓட்டு இருக்கு, ரசிகர்களுக்கும் ஒரு பங்கு. அந்த விருது 2024 டிசம்பர்ல யாருக்குப் போச்சு? வினீசியஸுக்கு. அதே பருவம், அதே ரெண்டு ஆள், ரெண்டு முடிவு. சின்ன நாடுகளும் ரசிகர்களும் சேர்ந்த இடத்துல நான் சொல்ற ஆள் தோத்துட்டான். கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

வீட்டுல இந்தக் கதை வந்தா வாப்பா உடனே 1996க்குப் போயிடுவார். அந்த உலகக் கிண்ணத்துல தொடர் நாயகன் சனத் ஜயசூரிய, 221 ஓட்டம், 7 விக்கெட். அரவிந்த டி சில்வா 448 ஓட்டம். கொல்கத்தா அரையிறுதியில முதல் ஓவர்லயே சனத்தும் களுவிதாரணவும் போய் 1 ஓட்டத்துக்கு 2 விக்கெட். அப்ப வந்து 47 பந்துல 66 அடிச்சவர் அரவிந்த. லாகூர் ஃபைனல்ல சனத் 9. அரவிந்த ஆட்டமிழக்காம 107, அதோட 3 விக்கெட். "அரவிந்த இல்லாட்டி கப் இருக்கா?" எண்டு வாப்பா கேட்பார். என்ட அளவுகோல்படி வாப்பா சொல்றதுதான் சரி. ஆனா ஃபைசலாபாத்ல இங்கிலாந்துக்கு 44 பந்துல 82 அடிச்சு, முதல் 15 ஓவரை எப்படி ஆடணும் எண்டு உலகத்துக்கே காட்டின ஆளுக்கு விருது குடுத்ததைப் பிழை எண்டும் சொல்ல வாய் வரல. அந்தக் கொல்கத்தா மெட்ச்லயே சனத் 12 ஓட்டத்துக்கு 3 விக்கெட் எடுத்தார், அதுல ஒண்ணு டெண்டுல்கர். ஆக, அளவுகோல் எண்டு ஒண்ணை வச்சுக்கிட்டாலும் சில நேரம் மனசு அதுக்குக் கட்டுப்படாது.

எண்டாலும் உதைபந்தாட்டத்துல இந்த விருதுக்கு ஒரு நோய் இருக்கு. 1956ல இருந்து குடுக்கிறாங்க, இத்தனை வருஷத்துல ஒரே ஒரு கோல் கீப்பர்தான் வாங்கியிருக்கார்: 1963ல லெவ் யாஷின். பின்களத்துக்காரங்க எண்டு எண்ணினா பெக்கன்பவர், சம்மர், 2006ல கன்னவாரோ, அவ்வளவுதான். கோல் அடிக்கிறவனைத் தேடிக் குடுக்கிறது லேசு, எண்ணிக்கை கையில இருக்கு. கோல் விழாம மறிச்சவனுக்கு, பந்தை வாங்கிச் சரியான ஆளுக்குத் தட்டிவிட்டவனுக்கு என்னத்தை எண்ணுறது? அதனாலதான் ரொட்ரி வென்ற அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னொரு காரணமும் இருக்கு. நாங்க ஆடின செவன்-எ-சைட் அணியில நடுவுல ஒருத்தன் ஆடுவான். பேர் வேணாம். கோல் அடிக்க மாட்டான், கத்த மாட்டான், பந்தைப் பறிச்சு எனக்குத் தருவான், நான் அடிப்பேன். ஒரு டோர்னமெண்ட்ல சிறந்த வீரர் கப் எனக்குக் கிடைச்சது, ஆக கூடக் கோல் அடிச்சதுக்கு. அடுத்த வருஷம் அவன் வரல. முதல் மெட்ச்லயே 5–0. எனக்கு மெட்ச் முழுக்கப் பந்து வந்தது ரெண்டோ மூணோ தரம்.

அவன் இப்ப தம்புள்ள எக்கனொமிக் சென்டர்ல இரவு வேலை, மரக்கறி மூட்டை ஏத்துறான். ரொட்ரி வென்ற அன்று அந்தச் சாமத்துலயே அவனுக்கு மெசேஜ் போட்டேன். விடியத்தான் பார்த்திருப்பான் போல. "ஊன்றுகோலோட போனானா, பாவம்" எண்டு மட்டும் பதில் வந்தது. கப் இன்னும் எங்க வீட்டு அலுமாரி மேலதான் இருக்கு.